20 அடி முன்வாசலுக்கு எந்த மரம், எந்தச் செடி?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டிய வீடு, மேற்குப் பார்த்த வாசல். முன்னால் 20 அடி ஆழம், 30 அடி அகலத்துக்குக் காலியிடம். இரண்டு பக்கமும் 5 அடிச் சந்து. நிழலுக்கு ஒரு மரம் வேண்டும், வருடம் முழுக்கப் பூக்கும் செடிகள் சில வேண்டும், ஒருமுறை வைத்தால் திரும்ப நட வேண்டாத சிறு பூச்செடிகளும் வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும். கேட்டது செடிப் பட்டியல். பட்டியலும் தருகிறேன், ஆனால் கேள்வியின் கனமெல்லாம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. வளர்ந்து முடித்தபின் உள்ள அளவு இடத்துக்குப் பொருந்தினால் ஒரு செடிக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கத்தரி எடுத்தால் போதும். பொருந்தாத செடியை மாதாமாதம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்ட வெட்ட அது பூக்கவும் பூக்காது, ஏனென்றால் மொட்டு வரவேண்டிய இளங்கொம்பைத்தான் ஒவ்வொரு முறையும் நறுக்கி எறிகிறோம். எனவே பூவின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அளவு, அடுத்து வெயில், அதற்கடுத்து மண்.

நர்சரியில் கறுப்புப் பையில் நிற்கும்போது எல்லாமே முழங்கால் உயரம்தான். அங்கே 2 அடி உயரத்தில் பார்க்கும் செம்பருத்தி, விட்டால் 8 அடி உயரமும் 6 அடி அகலமும் எட்டிவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. செடியின் முழு வளர்ச்சி அகலத்தில் பாதியை எடுத்து அதோடு 1 அடி கூட்டுங்கள். சுவரிலிருந்து அத்தனை அடி தள்ளித்தான் தண்டு இருக்க வேண்டும். அந்த 1 அடி காற்றோட்டத்துக்கும், கரையான் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும், வெள்ளையடிக்கிறவர் நிற்பதற்கும். இதன்படி 6 அடி அகலச் செம்பருத்தி சுவரிலிருந்து 4 அடி தள்ளி நிற்க வேண்டும், அதற்கப்பால் இன்னும் 3 அடி பரவும், ஆக 7 அடி. உங்கள் சந்து 5 அடி. அங்கே செம்பருத்தி வைத்தால் இரண்டாம் வருடத்திலிருந்து பக்கவாட்டில் நடந்துதான் போக வேண்டியிருக்கும். சந்தில் 3 அடி நடைபாதையை விட்டுவிட்டு, மதிலை ஒட்டி மிஞ்சும் 2 அடிப் பட்டைக்கு என்ன பொருந்தும் என்று மட்டும் யோசியுங்கள். குள்ள ரக இட்லிப்பூ, குள்ள நந்தியாவட்டை, நிழல் அதிகமென்றால் மருள், அதாவது ஸ்நேக் பிளான்ட். இதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம்.

மரத்தில்தான் தவறு பெரிதாகும், காரணம் செடியைப் போலப் பிடுங்கி மாற்றி வைக்க முடியாது. உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது: மேற்கு வாசல் என்பதால் சுவரைச் சுடுவது பிற்பகல் வெயில், அது சாய்ந்து வருகிற வெயில். அதைத் தடுக்க மரம் கூரைக்கு மேல் கவிந்திருக்க வேண்டியதில்லை. சூரியன் உச்சி வழியாகக் கடக்கும் பருவத்தில், உச்சிக்கு வந்து மூன்று மணி நேரம் கழிந்ததும் ஏறக்குறைய 45 பாகை சரிவில் இருக்கும். சுவருக்கு நேர் மேற்கே 12 அடி தள்ளி 20 அடி உயர மரம் நின்றால் அந்த நேரத்தில் அதன் நிழல் சுவரில் 8 அடி உயரம் வரை ஏறியிருக்கும், அதாவது ஜன்னல் முழுக்க மறைந்துவிடும். பொழுது சாயச் சாய நிழல் இன்னும் மேலே ஏறும். ஆகவே 20 முதல் 25 அடியில் நின்றுவிடும் மரம் ஒன்று, சுவரிலிருந்து 12 அடியிலும் மதிலிலிருந்து 8 அடியிலும். இதுவே உங்கள் இடத்துக்குச் சரியான இலக்கு. தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா, அடியில் கழிவுநீர்க் குழாய் எந்தப் பாதையில் ஓடுகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஆசைப்படும் மரங்கள் பல கழிந்துவிடும். சரக்கொன்றையின் அழகில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது 30 அடிக்கு மேல் போகும், கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நிழல் மிகவும் தேவைப்படும் மாதங்களில் அது மொட்டையாக நிற்கும். குல்மொஹர் உயரத்தைவிட அகலத்தில் பரவுகிற மரம், கிளை பலவீனம், வேர் மேலாகவே ஓடித் தளத்தைத் தூக்கும். மரமல்லிக்கு மணம் உண்டு, காற்றுக்குத் தாங்கும் வலு கிடையாது. வேரிலிருந்து கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். நாகலிங்கத்தை வீட்டருகே வைக்கவே கூடாது, பீரங்கிக் குண்டு போன்ற காய் தலையில் விழுந்தால் விளையாட்டல்ல. நர்சரிகளில் பந்து போலக் கத்தரித்து விற்கும் ஃபைகஸும் கோனோகார்பஸும் தண்ணீரைத் தேடிக் குழாய் இணைப்புகளில் நுழைகிறவை. கோனோகார்பஸை நடக்கூடாது என்று சில அரசுகளே தடை போட்டிருக்கின்றன. மிஞ்சுவதில் என் தேர்வு மகிழம். என்றும் பசுமை, அடர்ந்த நிழல், கவாத்துக்கு நன்றாகப் பணியும், காய்ந்தாலும் பூ மணக்கும். குறை என்று சொன்னால் வளர்ச்சி மெதுவாக இருக்கும். பல ஆண்டு கழித்து 30 அடியைத் தாண்டப் பார்க்கும், அப்போது உச்சியை மொட்டையாக வெட்டாமல், உயரும் கொம்பை அதன் பக்கக் கிளை பிரியும் இடத்தில் எடுத்துவிட வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் பூவரசு. போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, நட்டாலே வேர் பிடிக்கும், உப்புக் காற்றையும் தாங்கும். நிழல் கொஞ்சம் குறைந்தாலும் பூதான் முக்கியம் என்றால் ஈழத்தலரி, அதாவது ப்ளுமேரியா. வேர் தொந்தரவு செய்யாது, வறட்சியைத் தாங்கும், ஆனால் வறண்ட அல்லது குளிர்ந்த பருவத்தில் இலை கொட்டும், ஒடித்தால் வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தென்பட்டால் அது துரு நோய். அந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் முதல் வைத்தியம்.

செடி வாங்கப் போவதற்கு முன் ஒரு விடுமுறை நாளைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். காலை 8, நண்பகல் 12, மாலை 4 என மூன்று தடவை இடத்தைச் சுற்றி வந்து எங்கே வெயில், எங்கே நிழல் என்று தாளில் கோடு போடுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழும் இடம் முழு வெயில், 3 முதல் 6 வரை அரை நிழல், அதற்குக் கீழே நிழல். வெப்ப மண்டலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: சூரியன் சில மாதங்கள் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். தெற்குச் சந்தும் வடக்குச் சந்தும் வருடத்தின் இரண்டு பாதிகளில் வெயிலை மாற்றிக்கொள்ளும். ஒரு நாள் பார்த்ததை வைத்து ‘இங்கே எப்போதும் நிழல்தான்’ என்று முடிவு செய்து மென்மையான நிழல்செடியை வைத்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இலை கருகியிருக்கும். ஆகவே அந்த இரண்டு சந்திலும் வெயிலையும் நிழலையும் தாங்குகிற செடியே பாதுகாப்பு.

மண்ணுக்கு இரண்டு சோதனைகள் போதும். 1 அடி ஆழம், 1 அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் என்றால் நல்ல வடிகால். 1 அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் வேர் அழுகும், அரை அடி மேடு கட்டி நடுங்கள், அல்லது கல்வாழை, ஸ்பைடர் லில்லி போல ஈரம் பொறுக்கும் செடிகளுக்கு அதை விட்டுவிடுங்கள். இரண்டாவது சோதனை புது வீட்டுக்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. கொத்தனார்கள் கலவை குழைத்த இடம், பூச்சு உதிர்ந்த இடம், இடிசல் புதைத்த இடம் எல்லாம் சுண்ணாம்பு ஏறிக் கிடக்கும். சுவரோரமாக ஒரு கரண்டி உலர்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் காரத்தன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு மண் பரிசோதனைதான் வழி. அதோடு, அஸ்திவாரம் தோண்டியபோது வெளியே வந்த அடிமண்ணை மேலே பரப்பியிருந்தால் அதில் உயிர்ச்சத்தே இருக்காது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதும் எந்தப் பதிலும், இதையும் சேர்த்து, பாதிப் பதில்தான்.

இந்தச் சுண்ணாம்பு விஷயம் ஏன் முக்கியம் என்றால், இட்லிப்பூ அதற்குப் பரம எதிரி. புளிப்பு மண் விரும்பும் செடி அது. சுவரோரம் வைத்த இட்லிப்பூவில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போடுகிறார்கள். அது இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மையால் வேர் அதை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் அடுத்த துளிர் பழையபடி மஞ்சளாகத்தான் வரும். தெளிக்கும்போது சுவரிலும் தரைக் கல்லிலும் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், எளிதில் போகாது. வினிகர் நுரைத்த இடத்தில் இட்லிப்பூவோடு மல்லுக்கட்டாமல் நந்தியாவட்டை வையுங்கள். அரை நிழலிலும் பூக்கும், 5, 6 அடியில் கட்டுப்படும், வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. சந்துக்கு அதன் குள்ள ரகம்.

முன்புறத்தில், மரத்தின் நிழல் விழாத மூலைகளில், செம்பருத்தி இரண்டு வைக்கலாம். அதற்கு மாவுப்பூச்சி வருவது நிச்சயம், வருமா வராதா என்ற கேள்வியே இல்லை. வாரம் ஒருமுறை இலையடியைப் பார்த்துக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும், தண்டில் எறும்பு ஊர்ந்தால் அதைத் தடுப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். எறும்புதான் அந்தப் பூச்சியைக் காவல் காத்து வளர்க்கிறது. மொட்டாகவே உதிர்ந்தால் தண்ணீர் ஒழுங்கில்லை, அல்லது மொட்டுக்குள் இலைப்பேன் இருக்கிறது, இந்த இரண்டில் ஒன்று. காகிதப்பூவுக்கு நேர்மாறான குணம்: கவனித்தால் கெடும். தினமும் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்தால் இலையாக வாரி இறைக்கும், பூக்காது. முழு வெயிலில் மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் கொத்தாக நிறம் காட்டும். நிறமாகத் தெரிவது பூவே இல்லை, பூவடி இலை, உண்மைப் பூ உள்ளே வெள்ளையாகக் குட்டியாக இருக்கும், அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. வாரம் ஒரு நாள் தோட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான செடி குறைவு, முள் மட்டும் நடைபாதைப் பக்கம் நீளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அரளியும் பராமரிப்பு கேட்காது, உப்பையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் வேர் முதல் பூ வரை அத்தனையும் நஞ்சு. வெட்டிய கிளையை எரித்தால் புகையும் நஞ்சு. பொன்னரளியின் பருப்பு அதைவிட ஆபத்து. வாயில் எதையும் வைத்துப் பார்க்கும் வயதுக் குழந்தையோ, இலையைக் கடிக்கும் செல்லப்பிராணியோ வீட்டில் இருந்தால் இந்த இரண்டையும், மஞ்சள் காய் தொங்கும் துராந்தாவையும் தவிருங்கள். உன்னிச்செடியும், தரை மூட விற்கப்படும் மஞ்சள் பூ வெடெலியாவும் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் பெயரில் வந்த பட்டியலில் இருக்கின்றன. வெடெலியா உங்கள் வேலியோடு நிற்காது.

வருடம் முழுக்கப் பூ என்ற ஆசையைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு பூ எப்போதும் இருக்கும்படி செய்யலாம், எல்லாச் செடியும் எப்போதும் பூத்திருக்கும்படி செய்ய முடியாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, நித்தியகல்யாணி ஆகியவை வெப்பமான இடங்களில் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடும், நடுவில் ஓய்வெடுக்கும். மற்றவை பருவத்துக்குத்தான். இடைவெளியை நிரப்புவது இலை நிறம், அதற்குக் குரோட்டன்ஸ். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில்தான் அதன் சிவப்பும் மஞ்சளும் ஏறும், நிழலில் பச்சையாகிவிடும்.

சிறு பல்லாண்டுச் செடிகளை ஒவ்வொன்றாகத் தூவாமல் ஒரே வகையில் ஐந்து, ஏழு என்று கூட்டமாக வையுங்கள். இது என் ரசனை, விதியில்லை. மரத்தடி அரை நிழலுக்குக் கனகாம்பரமும் ஸ்பைடர் லில்லியும். கனகாம்பரம் நன்றாக இருந்துவிட்டுக் காரணமின்றிக் குன்றினால் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதே இடத்தில் மறுபடி கனகாம்பரம் வைக்க வேண்டாம். வெயில் விளிம்புக்கு மழை லில்லி, கிழங்குக்குக் கிழங்கு 3 அங்குலம், ஒன்றிரண்டு அங்குல ஆழம். ஈரம் தங்கும் மூலைக்குக் கல்வாழை. அதன் ஒரு தண்டு பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டினால் பக்கத்துத் தண்டு எழும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நட வேண்டும். ஊதாப் பூ ருயெல்லியாவைப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள், உண்மைதான், விதை நெற்று நனைந்ததும் வெடித்துத் தோட்டம் முழுக்கத் தன்னைத் தானே நட்டுக்கொள்ளும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை உறுதியானவை. இரண்டு விஷயங்களில் மட்டும் அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று, வேர் அஸ்திவாரத்தைப் பிளக்குமா என்பது. வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கும், கசியும் குழாயில் நுழையும், இவற்றில் ஐயமில்லை. ஒழுங்காகக் கட்டிய அஸ்திவாரத்தை வேரின் பலம் நேரடியாகப் பிளப்பது அரிது. கரிசல் போல ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணில் கதை வேறு, மரம் உறிஞ்சும் தண்ணீரால் மண் சுருங்கிக் கட்டடம் அமிழலாம். உங்கள் மண் கரிசல் என்றால் என் 12 அடிக் கணக்கை நம்ப வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். இரண்டாவது, 3 அடிக்கு 3 அடிக் குழியில் தொழு உரமும் மணலும் நிரப்பி நடும் பழைய வழக்கம். வெறும் இடிசல் உள்ள இடத்தில் அது தேவைப்படலாம். களிமண்ணில் அதே குழி தொட்டி போலத் தண்ணீரைத் தேக்கி வேரை அழுக வைக்கும், வேரும் சொகுசான குழியை விட்டு வெளியே வரத் தயங்கும். வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஆழமில்லாமல், இரண்டு மூன்று மடங்கு அகலமாகத் தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, உரத்தை மேலே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, பரப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வாங்கும்போது பெரிய கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம். சிறு பையில் உள்ள இளங்கன்று சீக்கிரம் வேர் பிடித்துப் பெரியதை எட்டிவிடும். கடைக்காரர் சம்மதித்தால் பையை விலக்கி வேரைப் பாருங்கள். வெளுத்த வேர்நுனி நல்லது, பழுப்பாகி நாறினால் வேண்டாம். சுற்றிச் சுற்றி ஓடிய வேரை நடும்போது கத்தியால் நறுக்கிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் பெருத்தபின் அதுவே கழுத்தை நெரிக்கும். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கு 2, 3 அங்குலக் கனம் போதும், தண்டிலிருந்து 4 அங்குலம் விலக்கிப் போடுங்கள்.

உங்கள் வாரம் ஒரு நாள் திட்டம் உடையும் இடம் ஒன்றுதான், முதல் இரண்டரை மாதம். புதுச் செடிக்கு முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வேண்டும், அதன்பிறகுதான் வாரக் கணக்கு. மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள், அல்லது டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் முனை ஒரு செடிக்கு இரண்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் 8 லிட்டர். கணக்குப்படி இடைவெளி விட்டு நட்டபின் தோட்டம் முதல் வருடம் மொட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் நடுவில் இன்னொரு செம்பருத்தியைச் செருகுவதுதான் எல்லாரும் செய்வது. அந்த இடைவெளியில் நித்தியகல்யாணி விதைத்துவிடுங்கள், தண்ணீர் தேங்காத இடமாக மட்டும் இருக்கட்டும். பெரிய செடிகள் அகலம் பிடித்து ஒன்றையொன்று தொட்டதும் அதைப் பிடுங்கிவிடலாம்.